நுரையில பேர் எழுதியிருக்காது!

ஒரு சின்ன டெஸ்ட். உங்க ஹாஸ்டல் பாத்ரூமுக்குப் போங்க. பக்கெட்டில் துணி ஊற வெச்சுட்டுக் காணாமல் போன புண்ணியவான் ஒருத்தராவது கட்டாயம் இருப்பார். (மூணு நாளா ஊறுதுன்னா அது உங்க ரூம்மேட்தான்!) அந்த நுரையைக் கொஞ்சம் அள்ளி, கண்ணுக்குப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. குமிழியைப் பார்க்காதீங்க. குமிழியும் குமிழியும் ஒட்டிக்கிட்டு இருக்கே, அந்த ஓரத்தைப் பாருங்க.

எண்ணிப் பார்த்தாச்சா? எங்கே பார்த்தாலும் ஒரு ஓரத்தில் மூணு சுவர்தான் சேரும். நாலு சேராது. அந்த மூணுக்கும் நடுவே கோணம் 120 டிகிரி. அப்படிப்பட்ட ஓரங்கள் நாலு நாலாக ஒரு மூலையில் சந்திக்கும். அங்கே கோணம் சுமார் 109.5 டிகிரி. சலவைப் பவுடர் நுரையா இருந்தாலும் சரி, எங்க அமுச்சி சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுவிட்டு அலசுற அரப்பு நுரையா இருந்தாலும் சரி... இதே ரூல்தான்.

'இதை எதுக்கும்மா எங்ககிட்ட சொல்றே? நாங்க பிசிக்ஸ்லயே அரியர்' என்று நீங்க முனகுறது கேட்குது. காரணம் இருக்கு மக்களே. எங்க வீட்டில் ஆறு வருஷமா ஒரு பனிப்போர் ஓடிச்சு. அதை ஒரே ஒரு ராத்திரி நிறுத்தி வெச்சதும் நுரைதான், இத்தனை வருஷம் கழிச்சு என்னை யோசிக்க வெச்சதும் நுரைதான்.

அப்புச்சி வெர்சஸ் அப்பா

என் அப்புச்சி ஒரத்துப்பாளையம் அணைப் பக்கத்து விவசாயி. நொய்யல் மேல பாசனத்துக்காகக் கட்டி, 1992-ல் முடிச்ச அணை அது. ஆனா, வயலுக்குப் போகவேண்டிய தண்ணிக்குப் பதிலா அங்கே வந்து தேங்கினது திருப்பூர் சாயக்கழிவு. அப்புச்சி கிணறு உப்பாச்சு. மஞ்சள் போச்சு, வாழை போச்சு, கடைசியில் தென்னையும் போச்சு.

என் அப்பா? திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். இப்போ புரியுதா, எங்க வீட்டு நோம்பி எப்படி இருந்திருக்கும்னு!

2011 ஜனவரி கடைசியில், கழிவுத் தண்ணியை வெளியே விடக்கூடாது என்ற உத்தரவை நிறைவேற்றாததால் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். நான் அப்போ யு.கே.ஜி. அப்பா வீட்டிலேயே இருக்காருன்னு எனக்கு ஒரே ஜாலி. அம்மா ஏன் நகைப்பெட்டியை அடிக்கடி எடுத்துட்டுப் போனாங்கன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சது. அந்த வருஷ நோம்பிக்குப் போனப்போ அப்புச்சி, "வாங்க மாப்ளை" என்றார். அப்பா, "வந்தனுங் மாமா" என்றார். அவ்வளவுதான். அடுத்த ஆறு வருஷமும் அதே டயலாக்தான்.

பிளேட்டோ இல்லை... பிளாட்டோ!

இப்போ கட் பண்ணி கோயமுத்தூர். நான் கெமிக்கல் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு ஒரு மாடல் பண்ணணும். எல்லாரும் ரோபோ, டிரோன்னு கிளம்ப, கையில் காசில்லாத நானும் என் தோழியும் சோப்புத் தண்ணியைப் பிடிச்சோம். பட்ஜெட் வெறும் நூத்திச் சொச்சம்.

படிக்கப் படிக்கத்தான் தெரிஞ்சது, ஆரம்பத்தில் நான் சொன்ன ரூலுக்குச் சொந்தக்காரர் ஜோசப் பிளாட்டோ. கிரேக்கத்து பிளேட்டோ இல்லைங்க. இவர் பெல்ஜியத்துக்காரர், கென்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர். நாற்பது வயசு தாண்டினதும் இவருக்குப் பார்வை போயிடுச்சு. அதுக்கு அப்புறமும் வருஷக்கணக்கா சோப்புப் படலத்தை ஆராய்ச்சி பண்ணியிருக்கார் மனுஷன்! குடும்பத்து ஆட்களும் கூட இருந்தவங்களும் கம்பி வளையங்களைக் கரைசலில் முக்கி எடுத்து, பார்த்ததைச் சொல்லச் சொல்ல, இவர் மனசுக்குள்ளேயே வடிவம் போட்டுப் பார்த்தார். 1873-ல் எல்லாத்தையும் ரெண்டு பாகப் புத்தகமா போட்டார். அவர் சொன்னது சரிதான்னு கணக்கு போட்டு நிரூபிக்க இன்னொரு நூறு வருஷம் ஆச்சு. 1976-ல் அமெரிக்கக் கணித அறிஞர் ஜீன் டெய்லர் அதைச் செஞ்சார்.

மூணு சுவர் சேருற அந்த ஓரத்துக்கே 'பிளாட்டோ ஓரம்'னு அவர் பேர்தான். பார்க்க ஒரு கோடு மாதிரி இருக்கும். உண்மையில் அது ஒரு குட்டி வாய்க்கால். குறுக்கே வெட்டிப் பார்த்தா, பக்கங்கள் உள்ளே வளைஞ்ச முக்கோணம். அந்த வளைவால் அங்கே அழுத்தம் குறைவு. அதனால் சுவர்களில் இருக்கிற தண்ணியை ஓரம் உறிஞ்சிக்கிட்டே இருக்கும். சுவர் இளைக்க, ஓரம் கொழுக்கும். அப்புறம் அந்த வாய்க்கால் வழியாவே தண்ணி கீழே வடியும். நுரையில் இருக்கிற தண்ணியில் பெரும்பகுதி ஓரங்களில்தான். சுவரில் இருக்கிறது சும்மா பேருக்கு!

அந்த 'பேருக்கு' எவ்வளவுன்னு பார்க்கணுமா? பாத்திரம் தேய்க்கிற லிக்விடைத் தண்ணியில் கலந்து, ஒரு டம்ளர் வாயை அதில் முக்கி எடுங்க. டம்ளரைப் படுக்க வெச்ச மாதிரி பிடிங்க, அப்போ படலம் செங்குத்தா நிக்கும். கலர் கலராப் பட்டைகள் கீழே இறங்கும். அப்போ அதன் கனம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குப் பக்கம், அல்லது அதுக்கும் கீழே. கொஞ்ச நேரத்தில் மேலே கறுப்பா ஒரு பட்டை வரும். ஓட்டை விழுந்துடுச்சுன்னு நினைப்பீங்க. இல்லை. அங்கே படலம் உங்க தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத அளவுக்கு மெலிஞ்சு போச்சு. முன்பக்கம் பட்டுத் திரும்புற வெளிச்சமும் பின்பக்கம் பட்டுத் திரும்புற வெளிச்சமும் ஒண்ணையொண்ணு அழிச்சுக்கிறதால கறுப்பாத் தெரியுது. கறுப்பு வந்தாச்சா? எண்ணுங்க... ஒண்ணு, ரெண்டு... டப்!

சிறுவாணி செஞ்ச உதவி

எங்க முதல் முயற்சி படு ஃபிளாப். ஹாஸ்டல் போர் தண்ணியில் குளியல் சோப்பைக் கரைச்சோம். நுரையே வரலை, வெள்ளையா திட்டுத்திட்டா மிதந்ததுதான் மிச்சம். போர் தண்ணியில் இருக்கிற கால்சியம் சோப்பைப் பிடிச்சுத் திரிய வெச்சுடுச்சு. அதே சோப்பு, சிறுவாணித் தண்ணி... ரெண்டு தேய்ப்புக்கே பொங்குச்சு! 'சிறுவாணியில குளிச்சா சோப்பு போகவே மாட்டேங்குது'ன்னு வெளியூர்ப் பிள்ளைங்க புலம்புறதுக்கு இதான் கெமிஸ்ட்ரி. சலவைப் பவுடரும் பாத்திர லிக்விடும் வேற ஜாதி. அந்த டிடர்ஜென்ட் உப்புத் தண்ணியிலும் நுரைக்கும். இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வேலை இருக்கு.

இன்னொண்ணு. சோப்பு தண்ணியை 'ஸ்ட்ராங்' ஆக்குது, அதனால்தான் குமிழி நிக்குதுன்னுதான் நானும் நினைச்சிருந்தேன். உண்மை நேர் எதிர். சோப்பு கலந்தா தண்ணியின் பரப்பு இழுவிசை கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்காக் குறையுது. அப்புறம் எப்படி நிக்குது? படலம் ஒரு இடத்தில் இழுபட்டு மெலிஞ்சா, அங்கே சோப்பு மூலக்கூறுகள் விலகி நிக்கும். உடனே அந்த இடத்தில் மட்டும் இழுவிசை கூடும். பக்கத்துத் தண்ணியை இழுத்துப் போட்டுக் காயத்தைத் தானே மூடிக்கும். பலத்தால் இல்லை, வளைஞ்சு கொடுக்கிறதால நிக்குது.

மாடல் என்னன்னு சொல்லவே இல்லையே! ரெண்டு அக்ரிலிக் தகடு. நடுவே மூணு ஆணி. ஒண்ணு கோவை, ஒண்ணு திருப்பூர், ஒண்ணு பொள்ளாச்சி. பத்து கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர்னு ஸ்கேல். கரைசலில் முக்கி எடுத்தா, மூணு ஊரையும் இணைக்கிற மிகக் குறுகிய பாதையைப் படலமே போட்டுக் காட்டும். அதுக்குத் தன் பரப்பைக் குறைச்சுக்கணும், அவ்வளவுதான் ஆசை. நடுவில் சந்திக்கிற இடத்தில் அதே 120 டிகிரி. சந்திப்பு எங்கே விழுந்ததுன்னு நினைக்கிறீங்க? கிட்டத்தட்ட வெள்ளலூர்! ரோமானியக் காசுப் புதையல் கிடைச்ச வெள்ளலூர். 2020-ல் புது பஸ் ஸ்டாண்ட் வேலை ஆரம்பிச்சு, நடுவில் நின்னுபோன அதே வெள்ளலூர். பார்க்க வந்தவங்க விசில் அடிச்சாங்க. (நேர்கோட்டுக் கணக்கில் கோவை வழியாப் போனா 83 கிலோமீட்டர். சோப்பு போட்ட வழியில் 81. மிச்சம் ரெண்டே ரெண்டு கிலோமீட்டர். அதை மட்டும் நாங்க சத்தமா சொல்லலை!)

செகண்ட் பிரைஸ் வாங்கினோம். பரிசு கொடுக்க வந்த சார், படலத்தைக் காட்டி ஜோக்கா ஒரு கேள்வி கேட்டார். "வெள்ளலூர் ஓரமா நொய்யல் ஓடுது. அதிலயும்தான் நுரை வருது. அது யார் போட்ட சோப்பும்மா?"

எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு 2017 ஞாபகம் வந்துடுச்சு.

சிரிச்ச ராத்திரி

2017-ல் நல்ல மழை பெய்ஞ்சு நொய்யலில் தண்ணி வந்தப்போ, கூடவே வெள்ளை மலை மாதிரி நுரையும் வந்துச்சு. சாயக்கழிவுன்னு ஊரே கொதிச்சப்போ, அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் கே.சி.கருப்பணன், கோவை மக்கள் குளிக்கிற சோப்பால் வந்த நுரைன்னு சொன்னார். அவ்வளவுதான்! மீம்ஸ் பறந்துச்சு. (வைகையில் தெர்மாகோல் மிதந்ததும் அதே வருஷம்தான். நல்ல சீஸன்!)

அன்னைக்கு நாங்க அப்புச்சி வீட்டில் இருந்தோம். டி.வி-யில் அந்தச் செய்தி ஓட, அப்புச்சி குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சார். அந்தப் பக்கம் திண்ணையில் அப்பாவும் சிரிச்சார். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சதை அன்னைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். ஏழாங்கிளாஸ் படிச்ச நான் எல்லாரையும் விடச் சத்தமாச் சிரிச்சேன்.

இப்போ, பரிசு கொடுத்த சார் கேட்டதும் அந்தச் சிரிப்பு தொண்டையில் சிக்கிக்கிச்சு. ஏன்னா, நான் இப்போ நுரை படிச்சவ!

அடுத்த ஞாயித்துக்கிழமை ரெண்டு பாட்டில் எடுத்தேன். ஒண்ணில் திருப்பூர்ப் பாலத்துக்குக் கீழே பிடிச்ச நொய்யல் தண்ணி. இன்னொண்ணில் எங்க ஹாஸ்டல் துணி துவைக்கிற இடத்துச் சாக்கடைத் தண்ணி. மூடியை இறுக்கி, ரெண்டையும் இருபது தடவை குலுக்கினேன். ரெண்டும் நுரைச்சுது. சொல்ல வெட்கமா இருக்கு, ஹாஸ்டல் பாட்டில்தான் அதிகமா நுரைச்சுது. லென்ஸ் வெச்சுப் பார்த்தேன். ரெண்டிலும் மூணு சுவர், 120 டிகிரி. பட்டறை சோப்புக்கு ஒரு கோணம், பாத்ரூம் சோப்புக்கு ஒரு கோணம்னு எல்லாம் இல்லை.

நுரை வர மூணு விஷயம் போதும். பரப்பில் போய் ஒட்டிக்கிற ஏதோ ஒண்ணு, காத்து, தண்ணியைப் புரட்டிப் போட ஒரு பள்ளம். தடுப்பணையில் தண்ணி விழுந்தா காத்து தானா உள்ளே போயிடும். அந்த 'ஏதோ ஒண்ணு' சாயப்பட்டறையிலிருந்தும் வரலாம், நம்ம பக்கெட்டிலிருந்தும் வரலாம், மக்கிப்போன இலை தழையிலிருந்தும் கொஞ்சம் வரலாம். பெங்களூரு பெல்லந்தூர் ஏரியில் 2015-ல் நுரை பொங்கி ரோட்டுக்கே வந்ததே... சுத்திகரிக்காம ஏரிக்குப் போன ஊர்ச் சாக்கடைக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

அப்போ அமைச்சர் சொன்னது சரின்னு சொல்றியான்னு சட்டையைப் பிடிக்காதீங்க. 'எங்க பட்டறை இல்லை, உங்க குளியலறை'ன்னு கை காட்ட நுரையை வெச்சு முடியாது. 'எங்க குளியலறை இல்லவே இல்லை'ன்னு சிரிக்கவும் முடியாது. அதுதான் நான் சொல்ல வர்றது.

அப்பா சொன்ன சோப்பிங்

பாட்டில்களோட வீட்டுக்குப் போனேன். அப்பா இப்போ சின்னதா ஒரு மளிகைக்கடை வெச்சிருக்கார். பட்டறையைப் பத்திப் பேசவே மாட்டார். அன்னைக்குப் பேசினார்.

"சாயம் ஏத்துனதுக்கு அப்புறம் துணியை சோப்பிங் பண்ணுவோம் கண்ணு. ஒட்டாத சாயத்தைக் கழுவறதுக்கு. அந்தத் தண்ணி நுரைக்கும்தான். ஆனா அது பெரிய விஷயம் இல்ல. பருத்தியில சாயம் பிடிக்கோணும்னா உப்பு கொட்டோணும். லிட்டருக்கு அம்பது கிராம், அறுபது கிராம்னு கொட்டுவோம். அந்த உப்பு எங்கயும் ஆவியாப் போகாது. நுரை அடங்கிப்போயிரும். உப்பு அடங்காது."

கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "உங்க அப்புச்சி தென்னையைக் கொன்னது அதான்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லலை, தராசைப் பார்த்துச் சொன்னார்.

அந்த வாரமே அப்புச்சி வீட்டுக்கும் போனேன். ஒரு போசியில் லிக்விட் கலந்து, நுரை பண்ணிக் காட்டி, மூணு சுவர் கதை எல்லாம் சொன்னேன். அப்புறம் ரெண்டு டம்ளர் தண்ணி வெச்சேன். ஒண்ணில் ஒரு சொட்டு லிக்விட். இன்னொண்ணில் ரெண்டு ஸ்பூன் உப்பு. கலக்கினா முதல் டம்ளர் பொங்கி வழியுது. ரெண்டாவது பளிங்கு மாதிரி நிக்குது. "எதை அப்புச்சி செடிக்கு ஊத்துவீங்க?" என்றேன் பெரிய விஞ்ஞானி மாதிரி.

அவர் டம்ளரைப் பார்க்கவே இல்லை. "இதைக் காட்டறதுக்கா இத்தன தூரம் பஸ் ஏறி வந்தே அம்மிணி?" என்றார். "நுரை வந்துச்சு, டி.வி-காரங்க வந்தாங்க. உப்பு வந்தப்ப ஒருத்தரும் வரல. தண்ணி பார்க்க நெம்ப சுத்தமாத்தான் இருந்துச்சு."

ஒரு பக்கெட் நுரை அடங்கினா ஒரு டம்ளர் தண்ணி தேறாது. நாம அந்த வெள்ளை மலையைப் பார்த்துத்தான் போட்டோ எடுக்கிறோம், சண்டை போடுறோம், சிரிக்கிறோம். நுரை பொய் சொல்லாது. 'இந்தத் தண்ணியில் ஏதோ கலந்திருக்கு' என்கிற வரைக்கும் அது நல்ல சாட்சி. யார் கலந்தாங்க, வேற என்னவெல்லாம் கலந்திருக்குன்னு கேட்டா அதுக்குத் தெரியாது. நுரை இல்லாத தண்ணி நல்ல தண்ணின்னும் அது சர்டிபிகேட் கொடுக்கலை.

அப்பா சொன்னதை அப்புச்சிகிட்ட சொன்னேன். அந்தத் தென்னை விஷயத்தை. வெத்தலையை மடிச்சுக்கிட்டே கேட்டார். "மாப்ளையே சொன்னாரா?" என்றார். "ஆமாங் அப்புச்சி" என்றேன். "அடுத்த நோம்பிக்கு நேரமே வந்துரச் சொல்லு. சாயங்காலம் வந்துட்டு விடியக்காலம் ஓடறாரு" என்றார்.

உங்க டிரெய்ன் எங்கே போகுது?

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நல்ல செய்தி. 1950-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகளே நுரைச்சுக்கிட்டு ஓடிச்சு. அப்போ புதுசா வந்திருந்த டிடர்ஜென்ட் மூலக்கூறின் வால் கிளை கிளையா இருந்ததால், பாக்டீரியாவால் அதைச் சரியா தின்ன முடியலை. 1960-களில் சட்டம் ஒரு பக்கம், கம்பெனிகள் ஒரு பக்கம்னு சேர்ந்து அந்த வாலை நேராக்கினாங்க. பாக்டீரியா சாப்பிட்டுத் தீர்த்தது. நுரை பெரிய அளவில் குறைஞ்சது. கெமிக்கல் படிக்கிற எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ஆனா பாக்டீரியா சாப்பிடணும்னா, முதலில் நம்ம சாக்கடை சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகணும் இல்லையா? நேரா ஆத்துக்குப் போனா?

அதனால் எங்க ஹாஸ்டல் சாக்கடை எங்கே போகுதுன்னு விசாரிச்சேன். மூணு பேர்கிட்ட கேட்டு மூணு பதில். (மூணு சுவர்!) சரின்னு நானும் தோழியும் துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கிட்டு அது போற வழியிலேயே நடந்தோம். காம்பவுண்டைத் தாண்டி, ஒரு சோளக்காட்டை ஒட்டி, ஒரு ஓடையில் போய் விழுந்துச்சு. விழுகிற இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டி வெள்ளை மலை. குனிஞ்சு பார்த்தேன். மூணு சுவர்... 120 டிகிரி. இதில் மட்டும் யார் பேர்னு எனக்குத் தெரியும்.

பாட்டிலையும் போட்டோவையும் வெச்சு வார்டன் மேடத்துக்கு ஒரு லெட்டர் கொடுத்திருக்கோம். இன்னும் பதில் வரலை. வர்ற வரைக்கும் எங்க பிளாக்கில் ஒரு பக்கெட்டுக்கு ஒரு ஸ்பூன் பவுடர்தான்னு நோட்டீஸ் ஒட்டியிருக்கோம். கிண்டல் பண்றாங்க. பண்ணட்டும்.

உங்களுக்கு ஒரே ஒரு ஹோம்வொர்க். இந்த ஞாயித்துக்கிழமை, துணி துவைச்சு முடிச்சதும் அந்தத் தண்ணி போற வழியில் கொஞ்ச தூரம் நடந்து பாருங்க. எங்கே போய்ச் சேருதுன்னு எனக்கு எழுதுங்க. மூக்கில் கட்ட கர்ச்சீப் மறந்துடாதீங்க!